சித்தப்பாவோட இன்னோவாவுக்கு இன்டர்கூலர் தேவையா?

ஜீயபுரத்தில் எங்கள் சித்தப்பா ஒரு 2011 மாடல் டீசல் இன்னோவா வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். கல்யாணம், ஏர்போர்ட், கார்த்திகை பிறந்தால் சபரிமலை என்று வண்டி நிற்காமல் ஓடும். போன ஆடியில் வண்டி நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர், ராத்திரி சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

"நாப்பதாவது வளைவுக்கு மேல வண்டி இழுக்கவே மாட்டேங்குதுடா. பின்னாடி ஒரே கரும்புகை. ஏசிய ஆஃப் பண்ணிட்டுத்தான் ஏறுனேன். இன்டர்கூலர் போட்டா சரியாயிடும்னு ஒரு ஒர்க்‌ஷாப்ல சொல்றாங்க. 38,000 கேக்குறாங்க. நீ மெக்கானிக்கல்தான படிக்கிற, போடலாமா வேணாமா, நீ சொல்லு."

அந்த 38,000 எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். எஃப்.சி.க்கும் இன்சூரன்ஸுக்கும் எடுத்து வைத்திருந்த பணம். வாடகை வண்டிக்கு எட்டு வருஷம் தாண்டிவிட்டால் வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும். எனக்கு ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் நல்ல மார்க். எஃபெக்டிவ்னஸ் மெத்தடில் சம் கொடுத்தால் போட்டுவிடுவேன். ஆனால் சித்தப்பா கேட்டதற்குச் சட்டென்று பதில் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடிய கதைதான். பழைய டர்போ வண்டி வீட்டில் வைத்திருக்கும் யாருக்கும் கணக்கு பொருந்தும், நம்பர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டியைப் பற்றி. 2005இல் இந்தியாவுக்கு வந்த இன்னோவாவில் இருந்தது 2.5 லிட்டர் டி-4டி எஞ்சின். டர்போ உண்டு, இன்டர்கூலர் கிடையாது. 102 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர். அதே எஞ்சின் குடும்பம் தாய்லாந்துப் பக்கம் பின்னாளில் இன்டர்கூலரோடு 144 குதிரைத்திறன் வரை போனது. ஒர்க்‌ஷாப்காரர் பிடித்துக்கொண்டது இந்த நம்பரைத்தான்: "சார், கூலர் போட்டா 144 ஆயிடும்." ஆகாது. அங்கே மாறியது கூலர் மட்டும் இல்லை. டர்போவே வேறு, அதன் டர்பைன் பக்கத்தில் அசையும் இதழ்கள் உள்ள வகை. டீசல் எவ்வளவு பீய்ச்சணும் என்ற ஈசியூ செட்டிங்கும் வேறு. மூன்றும் சேர்ந்து செய்த வேலையை ஒன்றின் கணக்கில் எழுதக்கூடாது.

இதற்கு நம்ம திருச்சியிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. பொன்மலை டீசல் ஷெட்டில் பல வருஷம் இருந்த அல்கோ வகை ரயில் எஞ்சின்கள். ஜீயபுரம் ஸ்டேஷனில் கரண்ட் கம்பி வருவதற்கு முன்னால் நின்றவர்களுக்கு அந்தச் சத்தமும் புகையும் ஞாபகம் இருக்கும். அந்த 16 சிலிண்டர் எஞ்சினில் டர்போவுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் தண்ணீரால் குளிர்விக்கும் ஒரு ஆஃப்டர்கூலர் உண்டு. இன்டர்கூலர் என்று நாம் சொல்வதும் இதே வேலையைச் செய்யும் பொருள்தான். டபிள்யூ.டி.எம்.-2 வகை 2600 குதிரைத்திறன். 1990களில் அதை டபிள்யூ.டி.எம்.-3ஏ என்று 3100க்கு உயர்த்தினார்கள். பெரிய ஆஃப்டர்கூலர் போட்டார்கள், சரி. கூடவே நல்ல டர்போவும் பெரிய எரிபொருள் பம்பும் போட்டார்கள். ரயில்வேகாரர்களே கூலரை மட்டும் மாற்றிவிட்டு 500 குதிரை கூடும் என்று எதிர்பார்க்கவில்லை.

காரணம் எளிது. டீசல் எஞ்சினில் பவரைத் தீர்மானிப்பது டீசல். காற்று எப்போதும் கொஞ்சம் மிச்சமாக இருக்கணும், இல்லையென்றால் எரியாத டீசல் கரும்புகையாக வெளியே போகும். இன்டர்கூலர் காற்றை மட்டும்தான் கூட்டித் தருகிறது. டீசலைக் கூட்டாமல் விட்டால் கிடைப்பது குறைவான புகை, குறைவான எக்ஸாஸ்ட் சூடு, கொஞ்சம் சுத்தமான எரிதல். மலையேறும் வாடகை வண்டிக்கு அதுவே பெரிய விஷயம்தான். ஆனால் அதைப் பவர் என்று சொல்லி விற்கக்கூடாது.

இப்போது கணக்கு. சித்திரை வைகாசியில் திருச்சி வெயில் 40 டிகிரி என்று வைப்போம், அதாவது 313 கெல்வின். டர்போ 0.8 பார் பூஸ்ட் கொடுப்பதாக வைத்துக்கொண்டால் வெளிக்காற்று 1 பார், உள்ளே 1.8 பார். விகிதம் 1.8. அதை 0.286 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் 1.18 வரும். இழப்பே இல்லாத டர்போவில் காற்று 370 கெல்வினுக்கு ஏறும், கூடுவது 57 டிகிரி. நிஜ டர்போவின் கம்ப்ரசர் திறன் 70 சதவீதம் என்றால் 57ஐ 0.7ஆல் வகுக்கணும்: 82 டிகிரி. ஆக, எஞ்சினுக்குள் போகும் காற்று 122 டிகிரி. இட்லிப் பானைக்குள் இருக்கும் ஆவியை விடச் சூடு! அந்தச் சூட்டில் அந்தக் காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1.59 கிலோ.

நடுவில் 70 சதவீத எஃபெக்டிவ்னஸ் உள்ள ஒரு கூலர் வைப்போம். 122க்கும் 40க்கும் இடையே உள்ள 82 டிகிரியில் 70 சதவீதத்தை அது பிடுங்கிவிடும். வெளியே வரும் காற்று சுமார் 65 டிகிரி. இதோடு கணக்கை முடித்தால் அடர்த்தி 17 சதவீதம் கூடியதாக வரும். விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் இந்த மாதிரி நம்பர்தான்.

விட்டுப்போனது ஒன்று உண்டு. கூலருக்குள் இருக்கும் குறுகலான பாதைகள் வழியாகக் காற்று நுழைந்து வரும்போது அழுத்தம் குறையும். 0.1 பார் இழந்தால் 1.8 என்பது 1.7 ஆகிவிடும். அப்போது அடர்த்தி 1.75 கிலோ, லாபம் 10 சதவீதம். மலிவான, உள்ளே நெருக்கமான கூலரும் நீளமான பைப்பும் சேர்ந்து 0.2 பாரைத் தின்றுவிட்டால் லாபம் 4 சதவீதம்தான். அதே கூலர், அதே சூடு குறைப்பு. அழுத்த இழப்பு மட்டும் இரட்டிப்பானதற்கே லாபத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. கூலர் வாங்கப் போகிறவர் "எவ்வளவு பெருசு?" என்று கேட்பதை விட "எவ்வளவு அழுத்தம் தின்னும்?" என்று கேட்கணும். நான் விசாரித்த இடங்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

அடுத்தது, எனக்கே தாமதமாக உறைத்த விஷயம். அந்த 70 சதவீதம் என்பது கூலர் மேல் காற்று நன்றாக அடிக்கும்போது. கரூர் ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நடக்கும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. முதல் கியர், இரண்டாவது கியர், வேகம் 15, 20. அங்கே காற்று எங்கே அடிக்கும்? எஃபெக்டிவ்னஸ் 40க்கு விழுந்தால் வெளியே வரும் காற்று 89 டிகிரி. அழுத்த இழப்பையும் சேர்த்தால் லாபம் வெறும் 3 சதவீதம். எங்கே உதவணும் என்று சித்தப்பா பணம் கொடுக்கிறாரோ, அங்கேதான் அது மிகக் குறைவாக வேலை செய்யும்.

இதைச் சொன்னதும் சித்தப்பா, "அப்ப வேணாம்ங்கறியா?" என்றார். எனக்கு வேறு ஒரு சந்தேகம். புது வண்டியாக இருந்தபோது இதே மலையில் இதே வண்டி ஏறியிருக்கிறது. அப்போதும் இன்டர்கூலர் இல்லை. அப்போது ஏறியது இப்போது ஏன் ஏறவில்லை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பார்த்தோம். ஏர் ஃபில்டர் வாழைத்தோப்பு மண்ணோடு செம்மண் நிறத்தில் இருந்தது. டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஹோஸில் அடிப்பக்கம் முடி அளவு விரிசல், சுற்றி எண்ணெய்க் கசிவு. பெரிய அதிர்ச்சி இன்டேக் மேனிஃபோல்ட். ஈ.ஜி.ஆர். வழியாகத் திரும்பி வரும் எக்ஸாஸ்ட் புகையும், எஞ்சினிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் கலந்து உள்ளே தார் மாதிரி அப்பியிருந்தது. விரல் நுழையும் இடத்தில் பென்சில்தான் நுழையும் என்கிற அளவுக்கு. அதைச் சுரண்டி, கழுவி, புது கேஸ்கெட், புது ஹோஸ், புது ஃபில்டர் போட்டதில் ஒரு நாளும் கூலர் செலவில் சின்னப் பகுதியும்தான் போனது. அடுத்த மலைச் சவாரியில் புகை பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாகச் சித்தப்பா சொன்னார். பழைய டர்போ வண்டிக்கு முதல் அப்கிரேடு இதுதான் என்பது என் கட்சி. ஓட்டை ஹோஸ் உள்ள வண்டியில் கூலர் மாட்டுவது, அடி ஓட்டையான குடத்தை ஃபிரிட்ஜில் வைப்பது மாதிரி.

ஆனாலும் வெயில் காலத்தில், முழு லோடில், ஏசியோடு வண்டி கொஞ்சம் திணறத்தான் செய்தது. ஒர்க்‌ஷாப் கிட் வேண்டாம், நாமே அளவு பார்த்து ஒன்று தேடுவோம் என்று முடிவு செய்தோம். அதற்கு முன் எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு: பம்பரை வெட்டக்கூடாது, பானெட்டில் ஓட்டை போடக்கூடாது, ஈசியூவில் கை வைக்கக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. மஞ்சள் போர்டு வண்டி வருஷா வருஷம் ஆர்.டி.ஓ. முன்னால் போய் நிற்கணும். நம்ம ஆசைக்கு அவர் எஃப்.சி.யைப் பணயம் வைக்க முடியாது. இன்சூரன்ஸ் ஏஜென்டிடமும் முன்கூட்டியே சொல்லிவிடச் சொன்னேன்.

கூலரில் இரண்டு ஜாதி. ஒன்று டியூப்-ஃபின்: தட்டையான குழாய்கள், நடுவில் மெல்லிய மடிப்புத் தகடு. எடை குறைவு, பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்குக் காற்றை ஓரளவு விடும். இன்னொன்று பார்-பிளேட்: கெட்டியான கட்டைகளை அடுக்கி பற்றவைத்தது. கல் பட்டாலும் தாங்கும், ஆனால் கனம், காற்றையும் மறிக்கும். ரேஸ் வண்டி வீடியோக்களில் பளபளப்பாகத் தெரிவது பெரும்பாலும் இரண்டாவது. நமக்கு முதலாவது போதும். தடிமனில் ஏமாறாதீர்கள். 6 சென்டிமீட்டர் தடிமனுள்ள கோரை 12 ஆக்கினால் குளிர்ச்சி இரட்டிப்பாகாது. முன்பாதியிலேயே சூடாகிவிட்ட காற்றுதான் பின்பாதிக்குப் போகும். முகப்புப் பரப்பு அகலமாக, தடிமன் குறைவாக இருப்பதே நல்லது.

எங்கே மாட்டுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. டொயோட்டா ஃபார்ச்சூனர் 3.0இல் கூலர் எஞ்சின் தலைமேல், பானெட்டில் மூக்கு மாதிரி ஒரு திறப்பு. அது நமக்குக் கிடையாது. பம்பருக்குக் கீழே தனியாக வைத்தால் ரேடியேட்டருக்குத் தொந்தரவு இல்லை, ஆனால் மலையில் மெதுவாகப் போகும்போது அங்கே காற்றே இருக்காது. ஏசி கண்டென்சருக்கு முன்னால் வைத்தால் எஞ்சின் ஃபேன் பின்னாலிருந்து காற்றை இழுத்துக் கொடுக்கும். வளைவில் 15 கிலோமீட்டர் வேகத்திலும் ஏதோ காற்று ஓடும். அதற்கு விலை? கூலர் உமிழும் சூடு அப்படியே கண்டென்சர் மேல் விழும். 2500 சுற்றில் முழு பூஸ்ட்டில் இந்த எஞ்சின் விநாடிக்கு சுமார் 0.077 கிலோ காற்றை உறிஞ்சும். அதில் 57 டிகிரியை எடுத்தால் நாலரை கிலோவாட் அளவுக்குச் சூடு. வீட்டு ஏசி பாஷையில் ஒன்றேகால் டன். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் டிராஃபிக்கில் பூஸ்ட் இருக்காது, அதனால் அங்கே பிரச்சினை இல்லை. மலையில் ஏசி கொஞ்சம் தளரும். கண்டென்சரை முழுசாக மறைக்காமல் கீழ்ப் பாதியை மட்டும் மறைக்கும் சின்ன கோராகப் பார்ப்பது என்று சமரசம் ஆனது. எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. ஆனால் முன்சீட்டில் உட்காரும் கல்யாண வீட்டு மாமாக்களைச் சமாளிக்க வேண்டியவர் அவர்.

வேறு வண்டியிலிருந்து கழற்றிய டியூப்-ஃபின் கூலர் ஒன்று பழைய பார்ட்ஸ் கடையில் கிடைத்தது. சென்னை புதுப்பேட்டை வரை போக வேண்டியிருக்கும் என்று நினைத்தோம், தேவைப்படவில்லை. பழைய கூலர் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கணும்: அது டர்போ வெடித்த வண்டியிலிருந்து வந்ததாக இருந்தால் உள்ளே எண்ணெயும் உலோகத் துணுக்கும் தேங்கியிருக்கும். அப்படியே மாட்டினால் டீசல் எஞ்சின் அந்த எண்ணெயையே எரிபொருளாகக் குடித்துச் சாவியை அணைத்தாலும் நிற்காமல் சுற்றை ஏற்றிக்கொண்டே போகும். சாவி தடுப்பது டீசலைத்தான், எண்ணெயை இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஆட்டி, வெள்ளைத் துணியில் வடித்து, கறுப்பு வருவது நிற்கும் வரை மூன்று முறை கழுவினோம். கடைசியில் சோப்புத் தண்ணீர், ஒரு நாள் முழுக்க வெயில்.

லீக் டெஸ்டுக்கு எங்கள் ஊர் முறை. ஒரு வாயை ரப்பர் அடைப்பான் வைத்து கிளாம்ப் போட்டு மூடி, இன்னொரு வாயில் டயர் வால்வ் பொருத்தி, 1 பார் அளவுக்குக் காற்று ஏற்றி, தோப்பு மோட்டார் தொட்டிக்குள் அமுக்கினோம். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்ப்பது போலத்தான். முட்டை விடவில்லை. அதிகமாக ஏற்றாதீர்கள், அடைப்பான் தெறித்தால் முகத்தில்தான் வரும்.

பைப் விட்டம் டர்போ வாயை ஒட்டியே இருக்கட்டும். பெரிய பைப் போட்டால் நிரப்ப வேண்டிய காற்று கூடும், ஆக்சிலேட்டர் மிதித்ததும் வரவேண்டிய இழுப்பு தாமதமாகும். வளைவுகளை முடிந்தவரை குறைக்கணும். எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகள் மேல் ஆடும், கூலர் பாடியோடு ஆடாமல் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் சிலிக்கான் ஹோஸ் துண்டு கட்டாயம், சாதாரண ரேடியேட்டர் ஹோஸ் அந்தச் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் ஊறிப்போகும்.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். அலுமினிய பைப் நுனியில் ஒரு மேட்டு வளையம், பீட் என்பார்கள், உருட்டச் சொல்லி லேத்தில் கேட்க மறந்துவிட்டேன். வழவழப்பான பைப்மேல் ஹோஸைச் சொருகி கிளாம்பை இறுக்கிவிட்டோம். முசிறி, நாமக்கல் வழியாகச் சமவெளியில் எல்லாம் அருமை. காரவள்ளியில் ஏற ஆரம்பித்து இருபது வளைவுகூட ஆகவில்லை, "டப்" என்று ஒரு சத்தம். இழுப்பு போய்விட்டது, கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே கறுப்பு. டர்போ தந்த காற்று வெளியே போகிறது, ஈசியூ டீசலைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அதை விட மோசம், ஃபில்டர் பார்க்காத ரோட்டுத் தூசியை எஞ்சின் நேரே உறிஞ்சும். அப்படியே மெதுவாக ஓட்டிவிடலாம் என்று சித்தப்பா சொன்னதை மறுத்து ஓரங்கட்ட வைத்தேன். நல்ல வேளை, அன்றைக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும். துடைத்து, சொருகி, இரண்டு கிளாம்ப் போட்டு, பூஸ்ட் ஏறாமல் திரும்பி இறங்கினோம். மறுநாள் பீட் உருட்டி, டி-போல்ட் கிளாம்ப் வாங்கிப் போட்டோம்.

பிறகு லேபிலிருந்து கே-டைப் தெர்மோகப்பிள் இரண்டு கேட்டு வாங்கி, கூலருக்கு முன்னும் பின்னும் பைப்மேல் ஒட்டி, சுற்றிலும் துணி கட்டிப் பார்த்தேன். பைப் மேற்பரப்பு என்பதால் காற்றின் நிஜச் சூட்டை விடக் குறைவாகத்தான் காட்டும், வித்தியாசத்தை மட்டும் பார்க்கணும். கரூர் ரோட்டில் பெரிய வித்தியாசம், மலையில் அதில் பாதிகூட இல்லை. கணக்கு சொன்ன திசைதான். முழு லோடில் புகை நன்றாகக் குறைந்திருக்கிறது. வேகம் கூடியதா என்றால் இல்லை. மைலேஜ் ஒரு கிலோமீட்டர் கூடியது என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் டேங்க் நிரப்பி எழுதும் நோட்டை நான் பார்த்திருக்கிறேன், அதை வைத்து எந்த ஜர்னலிலும் பேப்பர் போட முடியாது.

சுத்தம் செய்தது, கூலர், பைப், ஹோஸ், லேத் கூலி எல்லாம் சேர்த்து ஒர்க்‌ஷாப் கேட்டதில் பாதிக்கும் கீழே முடிந்தது. மிச்சத்தில் எஃப்.சி. முடிந்தது. மாட்டிய பிறகு 500 கிலோமீட்டரில் எல்லா கிளாம்பையும் ஒருமுறை மறுபடி இறுக்கணும், ரப்பர் சூட்டில் படிந்து தளர்ந்திருக்கும். நாங்கள் அதைப் பெட்டவாய்த்தலை தாண்டி ஒரு புளியமரத்தடியில் செய்தோம். ஏழு கிளாம்பில் இரண்டு அரைச் சுற்று வாங்கின.